ஒரு மெயில் போதும், சரியான ஆளுக்குப் போனால்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்றவுடன் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, இமெயில் முகவரி ஒன்றை உருவாக்கிக் கொள்வதுதான். இரண்டாவது வேலை, தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு வணக்கம் அனுப்புவது. மூன்றாவதாக வருவதில்தான் வில்லங்கம். "இந்த இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிப் போகும், உடனே பத்து பேருக்கு அனுப்புங்கள்" என்று எவரோ அனுப்பிய மெயிலை, படித்தும் படிக்காமலும் அப்படியே பார்வர்ட் செய்து விடுகிறோம். இப்போது இந்த வேலையில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பிற்கு மாறிவிட்டது. ஆனால் பழக்கம் அதேதான்.

இதே பார்வர்ட் பட்டனை வைத்து உயிர் காக்கும் வேலையும் செய்யலாம். மருத்துவ ஆய்வுகளில் தெரிய வரும் உண்மைகளை, அவற்றைக் கொண்டு முடிவெடுக்க வேண்டிய பொது சுகாதாரத் துறையினரின் மேஜைக்குக் கொண்டு சேர்க்க, மெயிலைப் போல மலிவான, எளிதான கருவி வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. யாருக்கு, எதை, எவ்வளவு அனுப்புகிறோம் என்று யோசித்து அனுப்ப வேண்டும். யோசிக்காமல் அனுப்பினால் ஆய்வு முடிவும் அந்த இலை மெயிலோடு சேர்ந்து குப்பைக்குத்தான் போகும்.

தாமதத்தின் விலை

ஆய்வு முடிவு போய்ச் சேராவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கிறீர்களா? ஓர் உதாரணம் பார்ப்போம்.

மேலை நாடுகளில் 1950-களில் தொடங்கி 1980-களின் இறுதி வரை, கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துத் தூங்கச் செய்யுங்கள் என்று பல குழந்தை வளர்ப்பு நூல்களும் மருத்துவர்களும் அறிவுரை சொல்லி வந்தனர். மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துக் கொள்ளும் என்று பயந்தார்கள். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரவு நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய குழந்தை, காலையில் காரணம் தெரியாமல் இறந்து கிடக்கும் துயரம் அந்த நாடுகளில் தொடர்ந்து நடந்து கொண்டிருந்தது. இதைத் திடீர் சிசு மரணம் என்பார்கள்.

லண்டனைச் சேர்ந்த ரூத் கில்பர்ட் முதலான ஆய்வாளர்கள், இது பற்றி வெளியான பழைய ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, 2005-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1970 வரை வெளிவந்திருந்த ஆய்வுகளை மட்டும் சேர்த்துப் பார்த்தாலே, மல்லாக்கப் படுத்த குழந்தைகளைவிடக் குப்புறப் படுத்த குழந்தைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு என்பது தெரிந்திருக்கும் என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பெரிய பிரச்சாரம் பிரிட்டனில் தொடங்கியது 1991-இல்தான். அமெரிக்காவில் 1994-இல். அமெரிக்காவில் அடுத்த சில ஆண்டுகளில் இந்த மரண விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆய்வுகளை முன்பே சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இதற்குப் புது மருந்து தேவைப்படவில்லை. புது இயந்திரம் தேவைப்படவில்லை. குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தால் போதும்!

இங்கே இரண்டு குறைகள் இருந்தன. சிதறிக் கிடந்த ஆய்வுகளை யாரும் ஒன்று சேர்க்கவில்லை. சேர்க்காததால், தாய்மார்களுக்கு அறிவுரை சொல்பவர்களிடம் கொண்டு போய்க் கொடுக்கவும் ஆள் இல்லை. முதல் குறையைத் தீர்க்க 1993-இல் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு தொடங்கப்பட்டது. ஒரு கேள்வி பற்றி உலகில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி, தரம் பார்த்து, தொகுத்துச் சொல்வது இதன் வேலை. இப்படிப்பட்ட கட்டுரையை நாம் தொகுப்பாய்வு என்று வைத்துக் கொள்வோம். இரண்டாவது குறை, அதாவது கொண்டு போய்ச் சேர்ப்பது, இன்றும் முழுமையாகத் தீரவில்லை. மெயிலுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

கனடாவில் நடந்த சோதனை

மெயில் அனுப்பினால் பலன் இருக்கும் என்று வாயால் சொன்னால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொரீன் டாபின்ஸ் குழுவினர் அதைச் செய்தார்கள். முடிவை 2009-இல் வெளியிட்டார்கள்.

கனடாவில் அப்போது இருந்த 141 பொது சுகாதாரத் துறை அலுவலகங்களில் 108 இந்தச் சோதனையில் கலந்து கொண்டன. குழந்தைகளின் உடல் எடை அளவு மீறாமல் பார்த்துக் கொள்வது எப்படி என்பதுதான் எடுத்துக் கொண்ட விஷயம். அலுவலகங்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள்.

முதல் பிரிவுக்கு, தொகுப்பாய்வுகள் அடங்கிய ஓர் இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தார்கள். வேண்டியதை அவர்களே போய்த் தேடி எடுத்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது பிரிவுக்கு அந்த இணையதளத்துடன் மெயிலும் வந்தது. அவர்கள் வேலைக்குப் பொருத்தமான தொகுப்பாய்வுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்று வீதம், தொடர்ந்து 7 வாரங்களுக்கு அனுப்பினார்கள். மெயிலில் தலைப்பு இருக்கும். லிங்க்கைக் கிளிக் செய்தால் கட்டுரையின் சுருக்கத்தைப் படிக்கலாம்.

மூன்றாவது பிரிவுக்கு இவை இரண்டும் உண்டு. அதற்கு மேல், ஆய்வுகளைப் புரிந்து கொண்டு பயன்படுத்த உதவி செய்வதற்கென்று நன்கு படித்த ஒரு நிபுணரும் நியமிக்கப்பட்டார். அவர் நேரிலும், போனிலும், மெயிலிலும் தொடர்பு கொண்டு வழிகாட்டுவார்.

எந்தப் பிரிவு முன்னால் நிற்கும்? நிபுணர் இருக்கும் மூன்றாவது பிரிவுதான் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆய்வின்படி நல்லது என்று தெரிந்த திட்டங்களை நடைமுறைக்குக் கொண்டு வந்ததில் தெளிவான முன்னேற்றம் காட்டியது, மெயில் பெற்ற இரண்டாவது பிரிவு!

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். இதே சோதனையில் இன்னொன்றையும் அளந்தார்கள். ஓர் அலுவலகம் பொதுவாக முடிவெடுக்கும்போது ஆய்வுச் சான்றுகளை எந்த அளவுக்குக் கருத்தில் கொள்கிறது என்பதே அது. அதில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. மேலும், ஆய்வுகளுக்கு அவ்வளவாக மதிப்புக் கொடுக்காத அலுவலகங்களில் நிபுணரின் உதவி பயன் தரலாம் என்பதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. படிக்க விருப்பம் இருப்பவருக்கு மெயில் போதும். விருப்பமே இல்லாதவருக்கு அருகில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று நான் இதைப் புரிந்து கொள்கிறேன்.

எப்படியானாலும், சில வரிகள் கொண்ட 7 மெயில்கள் இந்த அளவுக்கு வேலை செய்தன என்பது சாதாரண விஷயமல்ல. ஒரு மெயில் அனுப்ப ஆகும் செலவு என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

நூலகமும் பேப்பர் போடும் பையனும்

இணையதளத்திற்கும் மெயிலுக்கும் என்ன வேறுபாடு? ஊரில் நல்ல நூலகம் இருக்கிறது. எல்லாப் புத்தகமும் அங்கே உண்டு. ஆனால் நாம்தான் சட்டையை மாட்டிக் கொண்டு கிளம்பிப் போக வேண்டும். காலையில் பேப்பர் போடும் பையன் அப்படியல்ல. நாம் எழுந்து வருவதற்கு முன்பே வாசலில் போட்டுவிட்டுப் போகிறான். இணையதளம் நூலகம் என்றால் மெயில் அந்தப் பையன்.

ஒரு சுகாதார அலுவலரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு தெருவில் டெங்கு என்று போன் வருகிறது. பிறகு தடுப்பூசி முகாம். மதியம் குடிநீரில் குளோரின் அளவு பார்க்க வேண்டும். மாலையில் மேலதிகாரிக்கு அறிக்கை. இவர் எப்போது உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை தேடுவார்? மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் என்ற அமெரிக்க அரசின் இணையதளத்தில் 3 கோடியே 50 லட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் இருக்கிறது. அந்தக் கடலில் இறங்க அவருக்கு நேரம் கிடையாது. அவருக்கு வேண்டியதை மட்டும் யாராவது மொண்டு கொடுத்தால் குடிப்பார்.

இது புதிதாகத் தோன்றிய யோசனையும் அல்ல. 1985-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவர்கள் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான இதய நோய் நிபுணர் பெர்னார்ட் லோன், சாட்டல்லைப் என்ற அமைப்பை உருவாக்கினார். அதன் ஹெல்த்நெட் சேவை, தொலைபேசியே சரியாகக் கிடைக்காத ஆப்பிரிக்க ஊர்களின் மருத்துவர்களுக்கு, தாழ்வாகப் பறக்கும் சிறிய செயற்கைக்கோள் வழியாக 1990-களில் மெயில் கொண்டு சேர்த்தது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்து போகும் சில நிமிடங்களில் மெயிலை ஏற்றி இறக்கி முடித்துவிட வேண்டும்! விலை கொடுத்து மருத்துவ இதழ்கள் வாங்க முடியாத அந்த மருத்துவர்களுக்கு, இதழ்களில் இருந்து தேர்ந்தெடுத்த சுருக்கங்கள் மெயிலில் போயின. இணையதளப் பக்கங்களையே மெயிலில் வரவழைத்துத் தரும் வசதியும் இருந்தது. இன்று வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருக்கும் நமக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை.

வடிகட்டி முக்கியம்

மெயிலின் வேகத்திற்கு இன்னொரு சாட்சி புரோமெட். 1994-இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவை, உலகில் எங்கே தொற்று நோய் தலைகாட்டினாலும் அந்தச் செய்தியை சுகாதாரத் துறையினருக்கு மெயிலில் அனுப்பியது. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று, சீனாவின் குவாங்சோ நகரில் ஏதோ நோய் பரவுவதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா என்று ஒருவர் கேட்ட மெயில் இதில் வெளியானது. அதுதான் பின்னர் சார்ஸ் என்று பெயர் பெற்றது. உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது மார்ச் 12 அன்று. சார்ஸ் அடங்குவதற்குள் 8,000-க்கும் மேற்பட்டோரைப் பாதித்து, 774 உயிர்களைக் குடித்தது. 2019 டிசம்பர் 30 அன்று ஊகான் நகரில் காரணம் தெரியாத நிமோனியா பரவுகிறது என்ற தகவலும் புரோமெட்டில் வந்தது. அது கொரோனா.

புரோமெட்டில் கவனிக்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல. வந்த மெயில் எல்லாம் அப்படியே வெளியே போகவில்லை. துறை அறிந்த நிபுணர்கள் நடுவில் உட்கார்ந்து, படித்து, குறிப்பு எழுதி, உறுதியாகாததை உறுதியாகவில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த வடிகட்டி இல்லாவிட்டால் அதுவும் வதந்தி மெயில்தான்.

வடிகட்டி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1998-இல் லான்செட் என்ற புகழ்பெற்ற இதழில், வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் அது முடிச்சுப் போட்டது. செய்தி பரவியது. பயந்து போன பிரிட்டன் பெற்றோர் பலர் தடுப்பூசி போடாமல் விட்டார்கள். தட்டம்மை மீண்டும் தலை தூக்கியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் எதிலும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. 2010-இல் அந்தக் கட்டுரையை லான்செட் இதழே விலக்கிக் கொண்டது. ஆனாலும் அந்தப் பழைய பயம் இன்றும் பார்வர்ட் ஆகிக் கொண்டிருக்கிறது.

எனவே, "ஆய்வில் கண்டுபிடிப்பு" என்று இருந்தால் மட்டும் போதாது. ஒரே ஓர் ஆய்வு தவறாகப் போகலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு அவ்வளவு எளிதில் தவறாது.

"ஏற்கெனவே இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது, இதில் நீங்கள் வேறா" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கனடா சோதனையிலேயே இருக்கிறது. வாரத்திற்கு ஒன்று, அதுவும் அவர் வேலைக்குத் தேவையான ஒன்று. தினமும் பத்து அனுப்பியிருந்தால் எட்டாவது நாளே நேராக டெலிட் ஆகியிருக்கும்.

அனுப்பும் முன் கவனியுங்கள்

வாசகர்களில் செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவ மாணவர்கள் இருக்கலாம். அவர்களைப் பிள்ளைகளாகவோ நண்பர்களாகவோ கொண்டவர்களும் இருக்கலாம். நல்ல ஆய்வு ஒன்றைக் கண்டால், அது யாருக்குப் பயன்படுமோ அவருக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. சப்ஜெக்ட் வரியிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். "முக்கியம்", "அவசியம் படிக்கவும்" என்று எழுதினால் அது வைரஸ் மெயில் போலத் தெரியும். "குழந்தைகளின் வயிற்றுப்போக்கு: துத்தநாக மாத்திரை பற்றிய தொகுப்பாய்வு" என்று எழுதினால் அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று திறக்காமலே தெரிந்துவிடும்.

2. ஒரு மெயிலில் ஒரே விஷயம். ஐந்து கட்டுரைகளை மூட்டை கட்டி அனுப்பினால் ஒன்றும் படிக்கப்படாது.

3. நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். என்ன கேள்வி, எத்தனை ஆய்வுகள், எந்த நாட்டு மக்களிடம் செய்தவை, என்ன தெரிந்தது, எந்த ஆண்டு வெளியானது. இவ்வளவு போதும்.

4. பத்திரிகைச் செய்தியின் லிங்க்கை அனுப்பாமல், கட்டுரையின் லிங்க்கை அனுப்புங்கள். பெரிய பைல்களை அட்டாச் செய்தால் போனில் மெயில் பார்ப்பவர் திறக்கவே மாட்டார்.

5. பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை பிசிசி கட்டத்தில் போடுங்கள். ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

6. நோயாளியின் பெயர், ஊர், பரிசோதனை முடிவு எதையும் மெயிலில் எழுதாதீர்கள். நாம் அனுப்புவது ஆய்வை; ஆளின் விவரத்தை அல்ல.

7. "இது பயன்பட்டதா? இனி இதுபோல் அனுப்பலாமா?" என்று ஒரு வரி கேளுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். அதுதான் மரியாதை.

அறிந்தவரே வரவழைத்துக் கொள்ள

சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் பிறர் அனுப்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பப்மெட் தளத்தில் உங்கள் துறைக்கான சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். இடது பக்கம் வரும் கட்டுரை வகைகளில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பதை டிக் செய்தால், தொகுப்பாய்வுகள் மட்டும் வரும். பிறகு தேடல் பெட்டிக்குக் கீழே உள்ள கிரியேட் அலர்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். கூகுள் கணக்கு போன்ற ஒன்றின் மூலம் உள்ளே நுழைந்து, வாரம் ஒருமுறை அல்லது மாதம் ஒருமுறை என்று தேர்ந்தெடுத்துவிட்டால், அந்தப் பொருளில் புதிய கட்டுரை வரும்போது மெயில் தானாக வந்து சேரும். இதற்குக் கட்டணம் கிடையாது. தினமும் என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

ஆங்கிலக் கட்டுரை கடினமாக இருந்தால், காக்ரேன் தளத்தில் உள்ள எளிய சுருக்கங்களைப் பாருங்கள். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதப்பட்டவை அவை. அவற்றில் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். ஆனால் படித்துவிட்டு நீங்களாக மருந்தை மாற்றிக் கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் கேளுங்கள்.

துறையின் மேலிடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாவட்டம்தோறும் ஆய்வுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்து, களத்தில் இருப்பவர்களுக்கு வாரம் ஒரு மெயில், தமிழில், நான்கு வரியில் அனுப்பச் செய்யலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். டெண்டர் வேண்டாம். ஏற்கெனவே மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும்.

குப்புறப் படுத்த குழந்தைகளைப் பற்றிய உண்மை பல ஆண்டுகள் இதழ்களுக்குள்ளேயே தூங்கியது. இன்று அப்படித் தூங்க வேண்டிய அவசியம் எந்த உண்மைக்கும் இல்லை. அடுத்த முறை பார்வர்ட் பட்டனில் மவுஸை வைக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டுக் கொள்ளுங்கள். இது உண்மைதானா? இது யாருக்கு வேண்டும்? இரண்டுக்கும் பதில் தெரிந்தால், தயங்காமல் அனுப்புங்கள். தெரியாவிட்டால், டெலிட் பட்டனும் அருகிலேயேதான் இருக்கிறது.